துவக்குக்கு இரண்டு சாட்சி

என்னுடைய மனுசன் அகஸ்ரின் ஒரு சமாதான நீதவான். மன்னாரில் இருந்த காலத்தில் யாரோ ஒரு எம்.பி.யின் பின்னால் அலைந்து எடுத்த பட்டம். ரொறன்ரோவில் அதைக் காட்டினால் பஸ்ஸில் ஏறக்கூட விடமாட்டார்கள். ஆனாலும் விசிற்றிங் கார்ட்டில் பெயருக்குக் கீழே ‘அகில இலங்கைச் சமாதான நீதவான்’ என்று தங்க எழுத்தில் அடித்து வைத்திருக்கிறார். அதற்குக் கீழே எங்கள் ஊர் ஒன்றியத்தின் தலைவர். அதற்கும் கீழே எங்கள் மில்லிக்கன் வீட்டு விலாசம். அந்த வீட்டில் ஸ்கூல் பஸ் ஓட்டுகிற அருள்மலர் என்று ஒருத்தியும் இருக்கிறாள் என்று போட இடம் காணாதாம்.

எங்கள் ஒன்றியத்தில் சமாதானம் என்றால் அதற்கு ஒரு முறை இருக்கிறது. யாராவது ஒருவன் மனைவிக்கு அடித்துவிட்டான் என்று கதை வந்தால் பொலிசுக்குப் போகக் கூடாது, ஊர் மானம் போய்விடும். இவரும் உபதலைவர் கஸ்பரும் கோட்டுப் போட்டுக்கொண்டு அந்த வீட்டுக்குப் போவார்கள். அடி வாங்கினவள் தேத்தண்ணி போட்டுக் கொடுப்பாள். இவர்கள் அவனைப் பார்த்து, “என்னடா தம்பி, படிச்சவன் செய்யிற வேலையோ உது?” என்பார்கள். அவன் தலையைக் குனிவான். பிறகு அவளைப் பார்த்து, “நீயும் கொஞ்சம் வாயைக் குறை பிள்ளை. அடிக்கிற கைதான் அணைக்கும்” என்பார்கள். அவன் மன்னிப்புக் கேட்பான். அதன் பிறகு எல்லாரும் இருந்து சாப்பிட்டுவிட்டுத்தான் வருவார்கள். அந்த ஆட்டிறைச்சிக் கறியை வைக்கிறதும் அடி வாங்கினவள்தான். வீட்டுக்கு வந்து ஏவறை விட்டுக்கொண்டு இவர் சொல்லுவார்: “ஒரு குடும்பத்தைக் காப்பாத்திப்போட்டு வாறன் மலர்.” எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இந்தச் சமாதானத்துக்கு நிரந்தர வாடிக்கையாளர் பேனாட். கூரை போடுகிற கொம்பனி வைத்திருக்கிறான், ஸ்ரௌவ்வில்லில் புது வீடு. ஒன்றியத்தின் விளையாட்டுப் போட்டிக்குக் கப் எல்லாம் அவன்தான் கொடுக்கிறது. அதனால் அவன் அடித்தால் அது அடியில்லை, ‘சின்னப் பிரச்சினை’. அவனுடைய மனைவி நிலாணி சிறுபிள்ளைகளைப் பராமரிக்கிற இடத்தில் வேலை செய்கிறாள். சத்தமாய்த் தும்மினாலே மன்னிப்புக் கேட்கிற பெண். இவளையா வாயைக் குறைக்கச் சொன்னார்கள் என்று நினைத்தால் எனக்குச் சிரிப்பும் வரும், கெட்ட வார்த்தையும் வரும்.

மே மாத லோங் வீக்கெண்டுக்குப் பேனாட் தன் வீட்டுப் பின்வளவில் ஒரு பார்பிக்கியூ வைத்தான். நிலாணி ஒரு கையால் தட்டம் தூக்கிக்கொண்டு திரிந்தாள். மற்றக் கை மாவுக்கட்டில் இருந்தது. ஈஸ்ரருக்கு முதல் கிழமை படியில் வழுக்கி விழுந்துவிட்டாளாம். அந்த வீட்டுப் படிகளுக்கு அவளோடு என்ன கோபமோ தெரியாது, வேறு ஒருவரையும் விழுத்துவதில்லை.

பேனாட் பியர்ப் போத்தலை உயர்த்திப் பிடித்துக்கொண்டு அறிவித்தான். “அண்ணைமார், நான் துவக்கு வாங்கப் போறன்! பக்கத்து வீட்டு வெள்ளையள் வருசாவருசம் மான் சுடப் போறாங்கள். நானும் கோர்ஸ் எடுத்துப் பாஸ் பண்ணிட்டன். முதல் மான் ஒன்றியத்துக்கு!”

அதைக் கேட்டதும் ஆம்பிளைகளின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! நற்கருணை வாங்க நிற்கிற மாதிரி வாயைத் திறந்துகொண்டு நின்றார்கள். மான் இறைச்சிக்கு மிளகு கூடப் போடவேண்டும் என்று கஸ்பர் தொடங்கினார். இல்லை, வத்தல் போட்டுத் தேங்காய்ப்பாலில் வைக்கவேண்டும் என்றார் என்னுடைய மனுசன். இன்னும் பிறக்காத மானை வைத்துக்கொண்டு இரண்டு பேரும் சண்டை பிடித்தார்கள்.

“ஆனா லைசன்சுக்கு என்னைத் தெரிஞ்ச ரெண்டு பேர் சாட்சி சொல்லவேணும்” என்றான் பேனாட். “மனிசியும் கையெழுத்து வைக்கவேணும்.”

“மனிசி ஏன்?” என்றார் கஸ்பர். மனைவி செத்து டோர்செட் பார்க்கில் அப்பார்ட்மென்ற் ஒன்றில் தனியே இருக்கிறவர் அவர். அவருக்கு இது புதுமையாய் இருந்தது.

“இந்த நாட்டுச் சட்டம் அண்ணை. மனிசிக்கு அடிக்கிறவங்களுக்குத் துவக்குக் குடுக்கமாட்டாங்களாம். இருந்தாலும் பறிச்சுப் போடுவாங்களாம்.”

“நல்ல சட்டம்” என்றார் என்னுடைய மனுசன், தாடியைத் தடவிக்கொண்டு. “உந்த வெள்ளையளுக்கு உது வேணும். குடும்பம் எண்டா என்னெண்டு தெரியாத சனம். எங்கடை ஆக்களுக்குப் பிரச்சினையில்லை. எங்கடை பேரைப் போடு தம்பி, நாங்கள் சொல்லுறம்.”

நிலாணி அவருக்குப் பக்கத்தில் தட்டத்தோடு நின்றாள். அவர் அவளுடைய மாவுக்கட்டைக் கொஞ்சம் விலக்கிவிட்டு ஒரு கோழிக்காலை எடுத்தார்.

ஜூன் மாதம் ஒருநாள் காலை பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டு பஸ்ஸைத் திருப்பப் போனேன். நிலாணி கதவடியில் நின்றாள். அவள் வேலை செய்கிற இடம் அந்தப் பள்ளிக்கூடத்துக்கு முன்னால்தான். ஏறி வந்து முதல் சீற்றில் இருந்தாள்.

“அக்கா, நான் கையெழுத்து வைச்சிட்டன்.”

“ஏன்டி வைச்சனி? மூளை கீளை இருக்கோ உனக்கு?”

“வைக்காட்டி ஏன் வைக்கேல்லையெண்டு என்னட்டைக் கேப்பாங்கள். நான் சொன்னது அவருக்குத் தெரியவந்தால் பிறகு நான் எங்கை போறது?” அவள் தன்னுடைய கையைப் பார்த்துக்கொண்டு பேசினாள். “கை எண்டால் பொருந்திடும் அக்கா. அண்டைக்கு விரலை என்ரை நெத்தியிலை வைச்சு ‘டுமீல்’ எண்டு சொல்லிப்போட்டுச் சிரிச்சவர். பகிடியாம். ஸ்ரெபனி பாத்துக்கொண்டு இருந்தவள். உது வீட்டுக்குள்ளை வந்தால் நான் உயிரோடை இருக்கமாட்டன்.”

ஸ்ரெபனி அவளுடைய மகள். “இப்பவே அந்த ஒபிசுக்கு நான் அடிச்சுச் சொல்லுறன்” என்று போனை எடுத்தேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“வேண்டாம் அக்கா! உங்களை விட்டால் எனக்கு ஆரும் இல்லையெண்டு அவருக்குத் தெரியும். வெளியாலை கதை போனால் நான்தான் சொன்னதெண்டு நினைப்பார். அகஸ்ரின் அண்ணையை மட்டும் சாட்சி சொல்லாமல் விடச் சொல்லுங்கோ. அவர் விலகினால் கஸ்பர் அண்ணையும் விலகிடுவார். வேறை ஒண்டும் வேண்டாம்.”

அன்றைக்குப் பின்னேரம் வீட்டில் பெரிய சண்டை. நிலாணி கேட்டாள் என்று நான் காட்டிக்கொள்ளவில்லை. எனக்காகவே கேட்கிறதுபோலக் கேட்டேன்.

“இஞ்சருங்கோ, உந்தத் துவக்கு வேலைக்குச் சாட்சி சொல்லப் போகாதேங்கோ.”

“ஏன்? பேனாட் அருமையான பொடியன். விளையாட்டுப் போட்டிக்குக் கப் குடுத்தது ஆர்? உன்ரை கொப்பரோ?”

“அவளின்ரை கையை முறிச்சது ஆர்?”

“அதைத்தான் நாங்கள் தீர்த்து வைச்சிட்டமே! முடிஞ்ச விசயத்தை ஏன் கிண்டுறாய்? ஒரு மனுசன்ரை வாழ்க்கையைக் கெடுக்கச் சொல்லுறியோ?”

“அப்ப அவளின்ரை வாழ்க்கை?”

“அது வேறை” என்றார். வேறையாம்! வேலிக்கு ஓணான் சாட்சி என்று சும்மாவா சொன்னார்கள்? அன்றைக்கு இரவுச் சாப்பாட்டுக்குச் சட்டியையும் அரிசிப் பையையும் காட்டிவிட்டு நான் போய்ப் படுத்துவிட்டேன். ஆனால் சமைக்காமல் விட்டு என்ன பலன்? மனுசன் பிளாசாவுக்குப் போய்க் கொத்துரொட்டி தின்றுவிட்டு வந்தது.

கோடை முழுக்க எனக்கு நிம்மதியில்லை. ஸ்ரௌவ்வில் பக்கம் ஒரு சைரன் சத்தம் கேட்டால்கூட நெஞ்சு இடிக்கும். நிலாணியைப் பூசையில் காணும்போதெல்லாம் அவள் கண்ணாலேயே கேட்பாள். நான் இல்லையென்று தலையை ஆட்டுவேன்.

செப்ரெம்பரில் பள்ளிக்கூடம் தொடங்கின கிழமை, துவக்கு ஒபிசில் இருந்து இன்றைக்கு மத்தியானம் போன் அடிப்பார்களாம் என்று இவருக்குத் தகவல் வந்தது. மனுசன் முழுகி, வெள்ளைச் சேட்டுப் போட்டு, ரை கட்டிக்கொண்டு போனுக்கு முன்னால் இருந்தார். போனில் உங்களுடைய ரை தெரியாது என்று சொன்னேன். மரியாதை குரலில் தெரியும் என்றார். காது கொஞ்சம் மந்தம் என்பதால் ஸ்பீக்கரில்தான் பேசுவார். நான் குசினியில் வெங்காயம் வெட்டிக்கொண்டு நின்றேன். உண்மையைச் சொன்னால் ஒரே வெங்காயத்தைத்தான் திருப்பித் திருப்பி வெட்டினேன்.

போன் அடித்தது ஒரு பெண். தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமா என்று இங்கிலீசில் பணிவாய்க் கேட்டாள். “வேண்டாம் மேடம், நான் ஒரு சமாதான நீதவான்” என்று இவரும் இங்கிலீசிலேயே தொடங்கினார். எத்தனை வருடப் பழக்கம், என்ன குணம், குடிப்பாரா என்று அவள் வரிசையாய்க் கேட்டாள். எல்லாவற்றுக்கும் தேவாரம் மாதிரி ஒப்புவித்தார். பேனாட் தங்கம், பேனாட் வைரம்.

“மனைவியோடு ஏதாவது பிரச்சினைகள்?” என்று கேட்டாள்.

என் கை நின்றுவிட்டது.

“இல்லவே இல்லை மேடம்” என்றார் இவர். “வந்த பிரச்சினைகள் எல்லாவற்றையும் நான் நேரில் போய்த் தீர்த்து வைத்துவிட்டேன்.”

அவள் திருப்பிக் கேட்டாள்: “எப்படியான பிரச்சினைகளைத் தீர்த்து வைத்தீர்கள்?”

“வழமையாய் வருவதுதான். கோபத்தில் ஒரு அடி, ஒரு தள்ளு. ஆனால் ஒன்றைச் சொல்லவேண்டும் மேடம், அடித்த பிறகு ஒருமுறைகூட அவர் மன்னிப்புக் கேட்காமல் விட்டதில்லை. அப்படி ஒரு பண்பு!”

“எத்தனை முறை மன்னிப்புக் கேட்டிருப்பார்?”

“ஐயோ, அதற்குக் கணக்கே இல்லை!” என்றார் பெருமையாக.

போனுக்குள் ரைப் பண்ணுகிற சத்தம் சடசடவென்று கேட்டது. அப்போதுதான் இவருக்கு ஏதோ மணத்திருக்க வேண்டும். போனைக் கையால் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தார். “மலர், இவள் ஏன் எல்லாத்தையும் எழுதுறாள்?”

மாதாவே, எனக்கு அந்தக் கணத்தில் புத்தியைத் தந்தது நீதான். நான் வெங்காயத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்: “உங்கடை சேவையைத்தான் எழுதுறாவாக்கும். வேண்டாமெண்டால் விடுங்கோ. கஸ்பர் அண்ணையிட்டைக் கேக்கச் சொல்லுங்கோ. உந்தச் சமாதானம் எல்லாம் அவர்தான் முன்னுக்கு நிண்டு செய்ததெண்டு சனமும் கதைக்குது.”

“கஸ்பரோ?” மனுசனுக்கு மூக்கு நுனி சிவந்துவிட்டது. “அவன் சும்மா வந்து சோடா குடிச்சவன்!”

பொத்தின கையை எடுத்தார். அதற்குப் பிறகு அவரை மறிக்க ஆளில்லை. ஈஸ்ரருக்கு முதல் நடந்ததைச் சொன்னார். எந்தக் கை, என்னத்தால் அடித்தது, அவள் எந்த அறைக்குள் ஓடிப் பூட்டிக்கொண்டது, தான் எப்படிக் கதவடியில் நின்று பேசி அவளை வெளியே எடுத்தது, இருவரையும் கைகுலுக்க வைத்தது. அவளுக்கு வலதுகை முறிந்திருந்ததால் இடதுகையால் கைகுலுக்க வைத்தாராம். அதை ஒரு சமயோசிதமாய்ச் சொன்னார். போன வருடக் கிறிஸ்மஸ், அதற்கு முந்தின ஒளிவிழா, ஸ்ரெபனியின் முதல்நன்மை என்று பெருநாள் பெருநாளாய்ப் பின்னுக்குப் போனார். தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். எங்கள் வீட்டுத் தவளை ரை கட்டிக்கொண்டு கெட்டது.

“நன்றி, ஐயா. நீங்கள் சொன்னது மிகவும் உதவியாக இருந்தது” என்றாள் அந்தப் பெண். இவர் எழுந்து நின்று நன்றி சொன்னார்.

பின்னேரம் கஸ்பர் போன் அடித்தார். அவரையும் கேட்டிருக்கிறார்கள். “நான் விடேல்லை அகஸ்ரின்” என்று ஸ்பீக்கரில் அவருடைய குரல் கேட்டது. “எல்லாச் சமாதானத்தையும் நீ செய்ததெண்டு நினைக்கப் போறாள் எண்டுபோட்டு, நிலாணிக்குச் சொண்டிலை தையல் போட்ட கதையைச் சொன்னன். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது நானெல்லோ? வழியிலை காருக்கை வைச்சு, ‘படியிலை விழுந்தனான் எண்டு சொல்லு பிள்ளை’ எண்டு சொல்லிக் குடுத்ததும் நானெல்லோ? எனக்கும் மிகவும் உதவியாய் இருந்ததெண்டு சொன்னவ.”

“எனக்குத்தான் முதல் சொன்னவ” என்றார் இவர்.

பேனாட்டுக்குத் தகவல் போகுமுன்னம் அந்தப் பெண் நிலாணிக்குத்தான் போன் அடித்திருக்கிறாள், அதுவும் வேலையிடத்துக்கு. அடுத்தநாள் பின்னேரம் நான் பிள்ளைகளை ஏற்றக் காத்து நின்றபோது நிலாணி பஸ்ஸுக்கு ஓடி வந்தாள். மூச்சு வாங்கியது.

“அக்கா, பொலிசும் டொக்ரரும் எப்பவும் ‘அவர் உன்னை அடிக்கிறவரோ’ எண்டுதான் கேக்கிறவை. நான் இல்லையெண்டு சொல்லிப் பழகிட்டன். இவ அப்பிடிக் கேக்கேல்லை. ஈஸ்ரருக்கு முதல் இந்தக் கை, கிறிஸ்மசுக்குச் சொண்டு எண்டு எல்லாத்தையும் தானே வாசிச்சவ. அவர் குடுத்த சாட்சியள் ரெண்டு பேரும் சொல்லினம், சரியோ எண்டு கேட்டவ.”

“நீ என்ன சொன்னனி?”

“ஓம் எண்டு சொன்னன். அவ்வளவுதான் அக்கா. ஓம் எண்டு மட்டும்தான்.”

சொல்லிவிட்டு ஓவென்று அழுதாள். நானும் அழுதேன். பள்ளிக்கூட வாசலில் நின்ற காவல்காரி எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். எனக்கு ஒரு வெட்கமும் வரவில்லை, சந்தோசமாய் இருந்தது.

அதற்குப் பிறகு எல்லாம் வேகமாய் நடந்தது. நிலாணி பொலிசில் முழுவதையும் சொன்னாள். பேனாட்டைப் பிடித்து, அவளுக்கும் அந்த வீட்டுக்கும் கிட்டப் போகக்கூடாது, துவக்கைத் தொடவே கூடாது என்று கட்டளை போட்டு விட்டார்கள். லைசன்சும் இல்லையென்று வந்துவிட்டது. அவன் இவருக்குப் போன் அடித்துக் கத்தின கத்தல் மில்லிக்கன் முழுக்கக் கேட்டிருக்கும்.

“உங்களைச் சாட்சிக்குப் போட்ட என்ரை புத்தியைச் செருப்பாலை அடிக்கவேணும்!”

“நான் நல்லதைத்தானே தம்பி சொன்னன்! மன்னிப்புக் கேக்கிறவர் எண்டு சொன்னன்!” என்று மனுசன் கிட்டத்தட்ட அழுதுவிட்டது. தான் செய்த பிழை என்னவென்று இன்றைக்கு வரைக்கும் அவருக்கு விளங்கவில்லை. பொலிஸ் வந்து, வழக்குக்கு உங்கள் இரண்டு பேரையும் சாட்சிக்குக் கூப்பிடுவார்கள் என்று சொல்லிவிட்டுப் போன பிறகுதான், விளங்காவிட்டாலும், நடுங்கினார்.

கஸ்பரும் இவரும் கூடி ஒரு முடிவெடுத்தார்கள். வேறென்ன, இன்னொரு சமாதானம்தான். ஞாயிறு பூசை முடிய நிலாணியை எங்கள் வீட்டுக்கு வரச் சொன்னார்கள். அவள் மறுக்காமல் வந்தாள். தையல் போட்ட சொண்டுக்கு உதட்டுச்சாயம் பூசியிருந்தாள், அதைப் பார்க்க எனக்கு நன்றாய் இருந்தது. இரண்டு பேரும் சோபாவில் கோட்டுப் போட்டபடி தேத்தண்ணிக்குக் காத்திருந்தார்கள். அவள் எழும்பவில்லை. நானும் எழும்பவில்லை.

என்னுடைய மனுசன் தொண்டையைச் செருமினார். “பிள்ளை, குடும்பம் எண்டால் நாலும் இருக்கும். இப்ப எங்களையும் கோர்ட்டுக்கு இழுக்கப் போறாங்களாம். ஊர் என்ன சொல்லும்? நாங்கள் கண்ணாலை ஒண்டும் காணேல்லைத்தானே.”

“ஓம் ஓம்” என்றார் கஸ்பர். “எனக்கு இப்ப மறதியும் கூட.”

நிலாணி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவள் குரல் உயரவில்லை.

“நான் அந்த அறைக்குள்ளை பூட்டிக்கொண்டு இருக்கேக்கை வெளியாலை நிண்டனீங்கள் அண்ணை. உள்ளை இருந்து நான் சொன்னது எல்லாம் உங்களுக்குக் கேட்டது. அப்ப நீங்கள் ஒருத்தருக்கும் சொல்லேல்லை. கஸ்பர் அண்ணை, காருக்கை உங்கடை லேஞ்சியாலைதான் ரத்தம் துடைச்சனான். நீங்களும் சொல்லேல்லை. அவருக்குத் துவக்கு வேணுமெண்டு வந்தாப்பிறகு ரெண்டு பேருக்கும் எல்லாம் ஞாபகம் வந்தது.”

கஸ்பர் சப்பாத்தைக் குனிந்து பார்த்தார்.

“இப்ப நாங்கள் கோர்ட்டிலை என்னத்தையம்மா சொல்லுறது?” என்றார் என்னுடைய மனுசன். உண்மையாகவே தெரியாமல்தான் கேட்டார், பாவி மனுசன்.

“அண்டைக்குப் போனிலை சொன்னதையே சொல்லுங்கோ அண்ணை” என்றாள் நிலாணி. “அதே மாதிரிச் சந்தோசமாச் சொல்லுங்கோ.”